பேட்ஜ் இல்லாத பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள்: எதுவென்று கண்டுபிடிப்பதும் மலையில் மறுபடி ஓட வைப்பதும்

குன்னூருக்கு மேலே ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது அவுட்ஹவுஸில் ஒரு ரேஸ் சைக்கிள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கீழே வளைந்த ஹேண்டில்பார், பின்னால் ஐந்து பல்சக்கரம், முன்னால் பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும், மேலே யாரோ பிரஷ்ஷால் அடித்த நீல எனாமல். சீட் பில்லர் அசைய மறுக்கிறது. எந்தக் கம்பெனி, என்ன வயசு, பவுடர் கோட்டிங் கொடுத்து ஓட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பவுடர் கோட்டிங் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். பெயின்ட் கடைசி வேலை, சில சமயம் தேவையே இல்லாத வேலை. அதுவரை எதையும் சுரண்ட வேண்டாம், கழற்ற வேண்டாம். முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் பிறகு ஞாபகம் இருக்காது.

கம்பெனிப் பெயரை ஸ்டிக்கரிலும் பேட்ஜிலும் தேடுவது வழக்கம். உங்களுக்கு அது இரண்டும் இல்லை. அதில் பெரிய நஷ்டமில்லை, ஏனென்றால் பேட்ஜ் பொய் சொல்லும், இரும்பு பொய் சொல்லாது. பைப்பின் அளவு, மரையின் கணக்கு, அச்சு விழுந்த எண் ஆகிய மூன்றையும் வைத்து எந்த நாடு, ஏறக்குறைய எந்தக் காலம், எந்தத் தரம் என்று சொல்லிவிடலாம். பெயர் பிறகு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

நம் ஊரில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. செயின் வீலிலோ ஹப்பிலோ பி.எஸ்.ஏ. என்று இருந்தால் 'பி.எஸ்.ஏ. சைக்கிள்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பர்மிங்ஹாமில் இருந்த பி.எஸ்.ஏ. முழு சைக்கிளும் செய்தது, உதிரி பாகங்களும் செய்து மற்ற கம்பெனிகளுக்கு விற்றது. பி.எஸ்.ஏ. செயின் வீல் மாட்டிய வேறு கம்பெனி ஃப்ரேம்கள் ஏராளம். செயின் வீலின் வடிவத்தில் கம்பெனி அடையாளத்தை வெட்டும் பழக்கமும் இருந்தது. ராலேயில் நாரையின் தலை, ரட்ஜில் விரித்த கை, ஹம்பரில் ஆள் உருவங்கள். அவையும் கழற்றி மாட்டக்கூடியவைதான். அறுபது வருஷத்தில் எத்தனை கை பட்டதோ! அதனால் சாட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டியது ஃப்ரேமை, பாகங்களை அல்ல.

ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். சாதாரண ஸ்டீல் ஸ்கேல் போதாது, இங்கே அரை மில்லிமீட்டர்தான் பேசும். சீட் பைப்பின் வெளி விட்டத்தை லக்குக்கு (பைப்புகள் சேரும் மூட்டு உறைக்கு)த் தள்ளி நடுவில் அளங்கள். எனாமல் தடிப்பைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். 28.6 மி.மீ. வந்தால் அது நேராக ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் அங்குலம். அதாவது ஆங்கிலேய அளவு. இத்தாலியும் ஜப்பானும் அதையே பின்பற்றின. 28.0 வந்தால் பிரெஞ்சு மெட்ரிக் பைப். மேல் பாரும் அப்படித்தான்: 25.4 என்றால் ஆங்கிலேயம், 26.0 என்றால் பிரெஞ்சு. பிரெஞ்சு என்று தெரிந்துவிட்டால் உடனே உஷாராகிவிட வேண்டும். அதில் பெடல் மரை, ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு), பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுழலும் இடம்) எல்லாமே தனி அளவு. பெடல் ஆக்ஸிலில் வலது இடது குறிக்க ஆர், எல் என்ற எழுத்துக்குப் பதில் டி, ஜி என்று இருந்தால் அதுவும் பிரெஞ்சுக்காரன் கைவேலை. அதில் நம் ஊர்ப் பெடலைத் திருகி ஏற்றினால் முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் கிராங்கின் மரையைத் தின்றுவிடும்.

அடுத்தது பி.பி. ஷெல், அதாவது கிராங்க் ஆக்ஸில் ஓடும் குழாய். இதன் அகலம் ஒரு பெரிய துப்பு. 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கிலேய மரை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கத்துக் கப் (பால்ரஸைத் தாங்கும் கிண்ணம்) இடது மரை. 70 என்றால் இத்தாலி என்று சந்தேகப்படலாம்: 36 மி.மீ. விட்டம், இரண்டு பக்கமும் வலது மரை. பிரெஞ்சுக்கும் 68 வரும், ஆனால் விட்டம் 35, இரண்டு பக்கமும் வலது மரை. ராலே நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்த வண்டிகளுக்கு மட்டும் தனி வழி: அங்குலத்துக்கு 26 மரை, ஷெல் 71 அல்லது 76. இந்த 26 மரையைப் பார்த்துவிட்டால் கம்பெனி கிட்டத்தட்ட தெரிந்த மாதிரிதான். அதே ராலே குழுமத்தின் உயர்ந்த ரக ஃப்ரேம்கள் பல இங்கிலாந்தின் வொர்க்ஸாப் என்ற ஊரில் இருந்த கார்ல்டன் பட்டறையில் செய்யப்பட்டவை. அவற்றில் வழக்கமான 24 மரைதான் பெரும்பாலும் இருக்கும்.

இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்லவில்லை. பஜாரில் கொடுத்தால் மெக்கானிக் முதலில் செய்வது செயின் பக்கத்துக் கப்பைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக் கழற்றப் பார்ப்பது. நம் ரோட்ஸ்டர் சைக்கிள் எல்லாம் அப்படித்தான், அவர் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்களுடையது இத்தாலி ஃப்ரேம் என்றால் அவர் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறார். நாட்டைக் கண்டுபிடிக்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது என்பது அதனால்தான்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பி.பி. ஷெல்லின் அடியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடையுங்கள். கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லாகியிருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பாளம் பாளமாகப் பெயரும். எனாமலுக்கு அடியில் எண் தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் தாளில் தெரியும். அங்கே இல்லையென்றால் சீட் லக்கின் பக்கத்திலும், பின் சக்கர ஆக்ஸில் உட்காரும் டிராப்அவுட் தகட்டிலும் பாருங்கள். எண் கிடைத்தாலும் உடனே வருஷம் கிடைத்துவிடாது. பல கம்பெனிகளின் எண் வரிசை ஒழுங்காக ஓடவில்லை, ராலேயின் பழைய எண்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எழுதி வையுங்கள், அவ்வளவுதான்.

அந்த டிராப்அவுட் தகட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள், தரம் அங்கேதான் வெளிப்படும். மலிவான ஃப்ரேமில் அது தகடு வெட்டி, பைப்பின் முனையை நசுக்கி ஒட்டியது போல மெல்லிசாக இருக்கும். கியர் மாற்றும் டெரெய்லர் தனியாக ஒரு கொக்கித் தகட்டில் தொங்கும். நல்ல ஃப்ரேமில் அடித்துச் செய்த கனமான தகடு, டெரெய்லர் மாட்டும் காது அதிலேயே சேர்ந்திருக்கும், செய்தவர் பெயரும் அதில் அச்சாகியிருக்கும். கம்பன்யோலோ என்ற இத்தாலியக் கம்பெனிப் பெயர் இருந்தால் ஃப்ரேம் செய்தவர் செலவுக்கு அஞ்சாதவர் என்று அர்த்தம். இத்தாலி ஃப்ரேம் என்று அர்த்தமில்லை. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் நல்ல பட்டறைகள் அதை வாங்கிப் போட்டன.

இப்போது சீட் பில்லர். அது வெளியே வந்தால் இன்னொரு பெரிய விடை கிடைக்கும். ரெனால்ட்ஸ் 531 என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு, 1935இல் வந்தது, அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ரேஸ் ஃப்ரேம் என்றாலே அதுதான் பேச்சு. முனையில் தடித்து நடுவில் மெலிந்திருக்கும்படி இழுத்த பைப், நடுவில் 0.5, 0.6 மி.மீ. அளவுக்குத்தான் கனம். அதைச் சொல்லும் ஸ்டிக்கர் இருந்திருந்தாலும் உங்கள் எனாமலுக்கு அடியில் போய்விட்டது. ஆனால் சீட் பைப்பின் வெளி விட்டம் 28.6 ஆக இருந்து, உள்ளே 27.2 பில்லர் போனால், பைப்பின் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அது நல்ல பைப்பாகத்தான் இருக்கும், ரெனால்ட்ஸோ, மிலானின் கொலம்பஸோ, ஜப்பான்காரர்களுடையதோ. 26.4, 26.6 என்றால் நடுத்தரம். 25.4 என்றால் தடித்த சாதாரண இரும்புப் பைப். கெட்ட வண்டி இல்லை, ஆனால் அதற்குப் பெரிய செலவு செய்வதா என்று யோசிக்கலாம். பில்லரின் அளவை அதிலேயே அச்சடித்திருப்பார்கள் பல நேரம், சீட்டைக் கழற்றிப் பாருங்கள்.

வருஷத்துக்குப் பாகங்களைக் கேட்கலாம், ஆனால் ஒரே பாகம் சொல்வதை நம்பாதீர்கள், இரண்டு மூன்று ஒத்துப்போக வேண்டும். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் என்றால் உடலிலேயே மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். கம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்டு டெரெய்லர் என்றால் 'பேட்டன்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கம், அது வருஷம். ஷிமானோ பாகங்களின் பின்புறம் இரண்டு எழுத்து இருக்கும்: முதல் எழுத்து வருஷம், ஏ என்றால் 1976, பி என்றால் 1977 என்று போகும், இரண்டாவது எழுத்து மாதம், ஏ ஜனவரி, எல் டிசம்பர். டெரெய்லர் கறுப்பு பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் அது பிரான்ஸின் சிம்ப்ளெக்ஸ். டெல்ரின் என்ற அந்தப் பொருள் வயசானால் விரிசல் விடும், ஓட்டும் வண்டியில் அதை வைக்காதீர்கள். பின் ஃபோர்க்கின் உள் இடைவெளியும் காலத்தைச் சொல்லும்: 120 மி.மீ. என்றால் ஐந்து கியர் காலம், 126 என்றால் ஆறு, ஏழு கியர் காலம். கேபிள் போகும் வளையங்கள் கிளிப் போட்டு மாட்டியிருந்தால் முந்தியது, பைப்பிலேயே ஒட்டியிருந்தால் பெரும்பாலும் எழுபதுகளின் கடைசியும் அதற்குப் பிறகும்.

இப்படி ஒரு வண்டி குன்னூர் அவுட்ஹவுஸுக்கு எப்படி வந்திருக்கும் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எஸ்டேட் துரைமார் இருந்தார்கள், வெலிங்டனில் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது, வெளிநாட்டு அதிகாரிகளும் அங்கே படிக்க வருகிறார்கள். ஊர் திரும்பும்போது எல்லோரும் எல்லாவற்றையும் எடுத்துப்போவதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், நம் ஊர் சம்பந்தம் இதில் கொஞ்சம் உண்டு. 1949இல் முருகப்பா குடும்பம் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியபோது கூட்டாளி இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ரெனால்ட்ஸ் பைப் கம்பெனி அந்தக் குழுமத்தைச் சேர்ந்தது, 1960இல் ராலேயும் அதற்குள் வந்தது. 1980இல் டூர் டி ஃபிரான்ஸை ஜெயித்த யூப் சூட்டமெல்க் ஓட்டியது டி.ஐ. ராலே அணிக்கு. அம்பத்தூர் ஹெர்குலிஸில் பள்ளிக்கூடம் போனவர்கள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

சரி, அடையாளம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேற்கொண்டு காசு போடும் முன் ஃப்ரேம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட் பைப்புக்கு (ஃபோர்க் நுழையும் முன் குழாய்க்கு)ப் பின்னால், கீழ் பைப்பின் அடிப்பக்கத்தில் விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு, சின்ன அலை போல, நகத்தில் தட்டினால் வண்டி எப்போதோ நேராகப் போய் எதிலோ மோதியிருக்கிறது. பெயின்ட் அடித்தவர்கள் அதை மறைத்திருப்பார்கள், நகத்திடம் மறைக்க முடியாது. அப்புறம் நூல் சோதனை: ஒரு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் பைப்பைச் சுற்றிக்கொண்டு வந்து மறு டிராப்அவுட்டில் இறுக்கிக் கட்டுங்கள். சீட் பைப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஸ்டீலில் வளைத்துச் சரி செய்யலாம். லக்கின் ஓரங்கள், பி.பி. ஷெல்லைச் சுற்றி, டிராப்அவுட் சேரும் இடம் ஆகியவற்றில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து விரிசல் தேடுங்கள்.

மலையில் இன்னொரு சோதனை கட்டாயம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் மற்ற மாதங்களில் மூடுபனியும் பைப்பின் உள்ளேயும் போகும். வெளியே பளபளவென்று இருக்கும் ஃப்ரேம் உள்ளே அரித்துக் கிடக்கலாம். பி.பி.யைக் கழற்றியதும் ஃப்ரேமை ஆட்டி உள்ளிருப்பதை ஒரு காகிதத்தில் கொட்டுங்கள். சிவப்புத் தூள் விழுந்தால் பரவாயில்லை. செதில் செதிலாக விழுந்தால் சங்கடம். பி.பி.க்குப் பக்கத்தில் செயின் ஸ்டேயின் (பி.பி.யிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் பைப்பின்) அடிப்புறத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் கொஞ்சம் அழுத்தியே குத்திப் பாருங்கள். குழிந்தால் அந்த ஃப்ரேமைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், மலை இறக்கத்தில் ஓட்டக் கூடாது.

ஒட்டு விட்டுப்போன இடம் இருந்தால் வெல்டிங் கடையில் கரன்ட் வெல்டிங் வைத்துவிடாதீர்கள். லக் ஃப்ரேம் பித்தளையாலோ வெள்ளி கலந்த ஒட்டாலோ ஒட்டியது. அரை மில்லிமீட்டர் பைப்பில் ஆர்க் பட்டால் ஓட்டைதான். கேஸ் வைத்துப் பித்தளைக் கம்பியால் ஒட்டத் தெரிந்தவர் வேண்டும். மலையில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் இறங்குங்கள், பம்பும் மெஷினும் செய்யும் ஊரில் லேத் பட்டறைக்கும் கைதேர்ந்த ஒட்டுக்காரருக்கும் பஞ்சமில்லை.

உங்கள் பெரிய தலைவலி அந்த அசையாத சீட் பில்லர். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, உள்ளே பிடித்திருப்பது துரு. பெனிட்ரேட்டிங் ஆயிலைச் சீட் பக்கத்திலிருந்தும், வண்டியைக் கவிழ்த்து பி.பி. வழியாக அடியிலிருந்தும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள், தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். கிடைக்காவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தால் அதே வேலை செய்யும், நெருப்புக்குத் தூரமாக. பெரும்பாலும் வந்துவிடும்.

காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியம். இது வேறு வியாதி. ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பொங்கும், அந்தப் பொடி இடத்தை அடைத்துப் பூட்டிவிடும். இதில் நம் ஆட்கள் உடனே ப்ளோ டார்ச்சை எடுப்பார்கள். எடுக்க விடாதீர்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், முழுசாகச் சூடாக்கினால் இன்னும் இறுகும். குளிர வைக்க வேண்டும். பில்லரின் மேல்பகுதியை ஐஸ் கட்டியால் சுற்றி நன்றாகக் குளிர விட்டு, பிறகு திருப்புங்கள். திருப்புவது என்றால் ரெஞ்சு போட்டுப் பில்லரைத் திருப்புவது அல்ல. சீட்டைக் கழற்றி, பில்லரின் தலையைப் பட்டறையின் பெரிய வைஸில் கவ்வ வைத்து, ஃப்ரேமை இரண்டு கையால் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் திருக வேண்டும். ஃப்ரேமே நெம்புகோல். கிறீச் என்று ஒரு சத்தம் வந்தால் பாதி ஜெயித்தாயிற்று. அப்புறம் எண்ணெய், மறுபடி திருகல். பில்லர் இதில் பாழாகும், ஆகட்டும். ஃப்ரேம்தான் முக்கியம்.

அதற்கும் மசியாவிட்டால் பில்லரைச் சீட் லக்குக்கு மேல் அறுத்துவிட்டு, உள்ளே ஹாக்ஸா பிளேடை விட்டு நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து, சுருட்டி எடுக்கலாம். பொறுமை வேண்டும், சீட் பைப்பைத் தொட்டுவிடாத கை வேண்டும். காஸ்டிக் சோடா ஊற்றி அலுமினியத்தைக் கரைக்கும் வழி ஒன்றும் உண்டு. இரும்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பெயின்ட் போகும், கொதிக்கும், ஹைட்ரஜன் வாயு வரும். வெட்டவெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டு, அனுபவப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

பின் சக்கரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரிம் துருப்பிடித்திருக்கிறது என்று ஸ்போக்கை வெட்டிவிடாதீர்கள். முதலில் ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். ஸ்போக் போன பிறகு வெறும் ஹப்பில் ஃப்ரீவீலைத் திருகிக் கழற்றப் பிடிமானம் கிடைக்காது.

கோட்டர் பின் கிராங்க் (ஆப்பு போன்ற பின்னால் ஆக்ஸிலில் பூட்டியது) என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெளிநாட்டில் நல்ல கோட்டர் பின்னுக்குத் தவம் கிடக்கிறார்கள், இங்கே தெருமுனைக் கடையில் கிடைக்கும். அடித்துக் கழற்றும்போது கிராங்குக்கு அடியில் ஒரு பைப் துண்டை முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடி முழுதும் பால்ரஸிலும் கப்பிலும் இறங்கும். பால்ரஸை எப்படியும் புதுசாக மாற்றிவிடுங்கள்: பி.பி.க்கும் பின் ஹப்புக்கும் கால் அங்குலம், முன் ஹப்புக்குப் பெரும்பாலும் பதினாறில் மூன்று பங்கு. கோனில் (பால்ரஸ் உருளும் கூம்பில்) குழி விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மற்றபடி ஓவராயில் வேலை உங்கள் பஜார் மெக்கானிக்குக் கைவந்த கலை, மரை விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த நீல எனாமல். பிரஷ்ஷால் அடித்தது என்றால் அடியில் பழைய பெயின்ட் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கம்பெனி பெயின்ட் அடுப்பில் சுட்டது, அதன் மேல் அடித்த எனாமல் அதைவிட மென்மையானது. பி.பி. பக்கத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் நைலான் துணியில் தின்னரைத் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நீலம் குழைந்து வந்து, அடியில் வேறு நிறம் உறுதியாக நின்றால் நிறுத்தி நிதானமாகப் போங்கள். சீட் பைப்பில் ரெனால்ட்ஸ் ஸ்டிக்கர் இருக்கலாம், லக்கின் ஓரத்தில் தங்க நிறக் கோடு கையால் இழுத்திருக்கலாம். கோத்தகிரியில் பச்சை எனாமல் பூசிய ஒரு ஃப்ரேமில் இப்படித்தான் தேய்க்கத் தேய்க்க, முழு எழுத்தும் வெளியே வந்தது. அதுவரை அதை எல்லோரும் லுதியானா சைக்கிள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கீறலும் உரிசலுமாக இருந்தாலும் அந்தப் பெயின்ட் அப்படியே இருக்கட்டும். புதுசாக எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், பழசை ஒரு தடவைதான் இழக்க முடியும்.

துருவுக்கு ஆக்சாலிக் ஆசிட். கெமிக்கல் கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. நூறு பங்கு தண்ணீருக்கு மூன்று நான்கு பங்கு போட்டு குரோம் பாகங்களை ஊற வைத்தால் துரு கரையும், பெயின்ட்டுக்குப் பெரிய பாதிப்பு இராது. விஷம், கையுறை போடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அலுமினியத்தை அதில் போடாதீர்கள். எடுத்ததும் சமையல் சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். நம் மலைக் காற்றில் ஈரமாக விட்டால் மறுநாளே செம்மண் பூசியிருக்கும்.

அடியில் ஒன்றுமே இல்லை, புதுசாகத்தான் அடிக்க வேண்டும் என்றால் அப்போது பேசலாம். பவுடர் கோட்டிங் சூளையின் 200 டிகிரிச் சூடு ஒட்டுகளை ஒன்றும் செய்யாது, பித்தளை உருக 900 டிகிரிப் பக்கம் வேண்டும். என் எதிர்ப்பு வேறு: தடிப்பாகப் பூசி லக்கின் கூரிய விளிம்பையெல்லாம் மழுக்கிவிடும். அதோடு, அதற்கு முன்னால் கேட்டுக் கதவுக்கு அடிப்பது போல மணல் அடித்தால் மெல்லிசுப் பைப்புக்கு ஆபத்து. கெமிக்கல் ரிமூவரால் உரித்து, பிரைமர் போட்டு, கார் பெயின்ட் அடிப்பவரிடம் ஸ்ப்ரே செய்வது நல்லது. ஆசிட் தொட்டியில் முக்குபவரிடம் கொடுக்கவே வேண்டாம், பைப்பின் உள்ளே போன ஆசிட் வெளியே வராது. உள்ளே பூச, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போதும், பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்றால் கொடுப்பார்கள். ஓட்டைகள் வழியாக ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் திருப்பி, வடிய விட்டுக் காய வையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள்.

பளபளப்பைவிட நான் கவலைப்படுவது பிரேக்கைப் பற்றி. இந்த வண்டி சமவெளியில் இருந்தால் இவ்வளவு சொல்லமாட்டேன். ரிம்மில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பு ரிம். காய்ந்திருக்கும்போது பிடிக்கும், நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், லிவரை ஹேண்டில்பார் வரை அமுக்கினாலும் வண்டி நிற்க யோசிக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1500 மீட்டர் இறக்கம்; பாதி வழியில் பர்லியார் மூடுபனியில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. எவ்வளவு பழமை விரும்பியாக இருந்தாலும் இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுங்கள்: அலுமினிய ரிம் போடுங்கள், பழைய ஹப்பை வைத்தே புது ஸ்போக் கட்டலாம். இரும்பு ரிம்மைப் பத்திரமாகத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

ரிம் அளவில் கவனம். பழைய ஆங்கிலேய ரேஸ் சைக்கிளில் 27 அங்குல டயர், டயரில் 630 என்று இருக்கும். இப்போது எல்லா இடத்திலும் கிடைப்பது 700 சி, அதாவது 622. விட்டத்தில் 8 மி.மீ. குறைவு, ஆக பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையில் கட்டை மாட்டும் நீள ஓட்டையில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிம் வாங்குங்கள். நம் ரோட்ஸ்டரின் 28 அங்குலம் இதிலெல்லாம் சேராது, அது 635. கேபிளும் கட்டையும் புதுசு, இதில் பேரம் இல்லை.

அலுமினிய ஸ்டெம்மையும் ஹேண்டில்பாரையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஸ்டெம் ஃபோர்க்குக்குள் இறங்கும் பகுதியில் ஒரு வெட்டு இருக்கும், அதன் முனையில் விரிசல் தொடங்கும். இரும்பு முதலில் வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் அப்படிச் சொல்லிக்கொண்டு போகாது, ஒடிந்துவிடும். ஆங்கிலேய ஃப்ரேம் என்றால் 22.2 மி.மீ. புது ஸ்டெம் கிடைக்கும், பிரெஞ்சுக்கு 22.0.

கடைசியாகக் கியர். அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் முன்னால் 52, 42 பல்லும் பின்னால் பெரியது 24 பல்லும் வைத்து ஆல்ப்ஸ் ஏறினார்கள். அவர்கள் தொடை வேறு, நம் தொடை வேறு. பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் ஏறுவதற்குள் முழங்கால் கேள்வி கேட்கும். ஆங்கிலேய மரை ஹப் என்றால் இப்போதைய 14–28 ஃப்ரீவீல் அப்படியே ஏறும், அதே 1.37 அங்குல, 24 மரைதான். இடைவெளி 120 என்றால் ஐந்து கியர் ஃப்ரீவீலாகத் தேடுங்கள், இல்லாவிட்டால் பின் ஃபோர்க்கை 126க்கு வளைத்து அகட்டலாம், ஸ்டீலில் மட்டும். பழைய ரேஸ் டெரெய்லர் 26 பல்லுக்கு மேல் தடுமாறும், நீளக் கை வைத்த ஒன்று வேண்டியிருக்கும்.

அளவுகளை எடுத்ததும் எழுதுங்கள் தம்பி: சீட் பைப்பின் விட்டம், பி.பி. ஷெல்லின் அகலம், பின் ஃபோர்க்கின் இடைவெளி, பேட்ஜ் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், பென்சிலில் தேய்த்த அந்தத் தாளின் போட்டோ. சீட் பில்லர் வராவிட்டாலும் பரவாயில்லை, மற்றவை இருந்தால் எந்த ஊர்க் கப் வாங்குவது என்று சொல்லிவிடலாம். அதுவரை பஜாரில் யார் கேட்டாலும் விலை சொல்லாதீர்கள்.